ஐபீஸில் பார்த்து வரைவது: கண் வரைகிறதா, மனம் வரைகிறதா?

2 பிப்ரவரி 2025

சேலத்து வாசகர் ஒருவர் எழுதியதை அப்படியே போடுகிறேன் (ஐபீஸ் என்பது தொலைநோக்கியில் நாம் கண் வைக்கும் லென்ஸ்):

"தொலைநோக்கியில் பார்த்து வரைந்தேன் என்று போடும் படங்களை நம்புவதற்கில்லை. நெட்டில் பார்த்த போட்டோ மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. கை அதைத்தான் வரைகிறது. கைபேசியை ஐபீஸ் மேல் வைத்து ஒரு க்ளிக் அடித்தால் உண்மை வந்துவிடும். இந்தக் காலத்தில் பென்சில் எதற்கு?"

பதிலை நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்கு வானம் திறந்திருக்கிறது.

3 பிப்ரவரி, காலை

பாதியை ஒத்துக்கொள்கிறேன். போட்டோ மண்டைக்குள் உட்காரும். என் மொட்டை மாடிக்கு வந்து ஓரியன் நெபுலாவை (ஓரியன் விண்மீன் கூட்டத்தில் ஒளிரும் வாயு மேகம்) பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்கள் எல்லாருமே வண்ணப் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள். படம் பார்க்காமல் வந்தவர்கள் "ஐயோ, புகை மாதிரி என்னமோ இருக்கே" என்பார்கள்.

கைபேசி உண்மையைத் தரும் என்ற மறுபாதியைத்தான் விழுங்க முடியவில்லை. எந்த உண்மை? அந்த நெபுலாவின் ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்பு அநேகமாகக் கிடையாது. அதே நெபுலாவின் ஆக்சிஜன் 501 நானோமீட்டரில் ஒளிர்கிறது. இருட்டில் வேலை செய்யும் கண்செல்கள் மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய அதே இடத்தில். ஆகவே கேமராவுக்குச் சிவப்பு, நமக்குப் பச்சை தட்டிய சாம்பல். ரெண்டும் பொய்யில்லை. அதோடு கைபேசியின் இரவுப் பயன்முறை பல படங்களை அடுக்கி, புள்ளிகளைத் துடைத்து, ஓரங்களைத் தானாகக் கூராக்கித் தருகிறது. அதுவும் ஒரு மண்டைதான் சார், முடிவெடுக்கிற மண்டை.

இன்னொன்று. நெபுலாவின் நடுவில் நாலு விண்மீன்கள் நெருக்கமாக நிற்கும். ட்ரபீசியம் என்பார்கள். அவை தெரியும்படி போட்டோ எடுத்தால், சிறகு போல வெளியே விரியும் மங்கல் வராது. சிறகு வரும்படி எடுத்தால் நடு வெந்துபோகும். கண் இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்கிறது, பென்சிலும் இரண்டையும் ஒரே தாளில் போட்டுவிடும்.

3 பிப்ரவரி, இரவு

என்ன கருவி என்று மூன்று பேர் கேட்டாயிற்று. 6 அங்குல டாப்ஸோனியன் (கையால் தள்ளிச் சுற்றும் எளிய பெட்டியில் உட்காரும் ஆடித் தொலைநோக்கி), குவியத்தூரம் 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120. மோட்டார் கிடையாது. ஈரோட்டுப் பக்கம் ஒரு மொட்டை மாடி, தெருவில் புதிதாகப் போட்ட வெள்ளை எல்.இ.டி. விளக்கு, அதை மறைக்கத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு மேற்கே உட்கார்ந்தால் விளக்கு தெரியாது. கிழக்கு வானமும் தெரியாது. அதற்கு என்ன செய்ய.

5 பிப்ரவரி

வேலூர் அன்பர், "சரி, எப்படித்தான் ஆரம்பிப்பது?" என்கிறார். வாதத்தை நிறுத்திவிட்டு இதை ஒருதரம் எழுதிவிடுகிறேன்.

பரீட்சை அட்டை, கொஞ்சம் சொரசொரப்பான டிராயிங் தாள், எச்.பி., 2பி, 4பி பென்சில்கள், ரப்பர். மங்கலை இழைக்கத் தாளை இறுகச் சுருட்டிய குச்சி (காது பட்ஸும் ஆகும்). சின்ன டார்ச்சுக்குச் சிவப்பு ஜிகினாத் தாள் இரண்டு மூன்று சுற்று. சிவப்பு வெளிச்சமும் மங்கலாக இருக்க வேண்டும், பளிச்சென்று இருந்தால் கண் பழகியது போச்சு. பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும், கெட ஒரு வாட்ஸ்அப் போதும்.

எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். அதுதான் ஐபீஸில் தெரியும் வட்டம். முதலில் பிரகாசமான விண்மீன்களை மட்டும் வையுங்கள். வட்டத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டு, இது இரண்டு மணி, பாதி தூரம். அது ஏழு மணி, ஓரத்தை ஒட்டி, இப்படி. அப்புறம் அவற்றுக்கிடையே முக்கோணம் பிடித்து மற்றவை. பிரகாசம் கூடினால் புள்ளி பெரிதாகும், அவ்வளவுதான். கூர் முனை, கதிர் எதுவும் வேண்டாம். விண்மீன்கள் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் மங்கலில் கை வைக்க வேண்டும். முதலிலேயே புகையைத் தேய்த்தால் விண்மீன்கள் புகைக்கு ஏற்ப நகர்ந்து உட்காரும்.

மங்கலை நேராகப் பார்க்காதீர்கள். கண்ணின் நடுப்புள்ளியில் இருட்டுச் செல்கள் இல்லவே இல்லை. சற்று ஓரமாகப் பாருங்கள். வலக்கண் என்றால் பொருளுக்கு வலப்பக்கமாகப் பார்வையை நகர்த்த வேண்டும். இடப்பக்கம் நகர்த்தினால் குருட்டுப்புள்ளியில் விழுந்து பொருளே காணாமல் போகும். போன வாரம் ஒருவர் "ஓரப்பார்வை எனக்கு வேலை செய்யலை" என்றாரே, எந்தப் பக்கம் பார்த்தார் என்று கேட்க வேண்டும்.

திசை: மோட்டார் இல்லாத கருவியில் விண்மீன்கள் தானாக நழுவும். எந்த ஓரத்தில் வெளியேறுகின்றனவோ அது மேற்கு. அங்கே ஓர் அம்புக்குறி. என் கருவியில் பிம்பம் தலைகீழ். டயகனல் (ஒளியை மடக்கித் தரும் கண்ணாடி) போட்ட லென்ஸ் கருவியில் இடம் வலம் மாறும். திருத்தி வரைய முயலாதீர்கள், தெரிவதைத் தெரிகிறபடி போட்டு அம்புக்குறியை மட்டும் சரியாகப் போடுங்கள்.

8 பிப்ரவரி

நேற்று இரவு நிலா. கோபர்னிகஸ் பள்ளத்துக்கு விடிந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. 93 கி.மீ. அகலம், நடுவில் மலைக்கூட்டம். காலை வெயில் கிழக்கிலிருந்து வருவதால் கிழக்குச் சுவரின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு, மேற்குச் சுவரின் படிக்கட்டு வரிகள் வெள்ளை வெளேரென்று.

சேலத்து நண்பருக்கு இந்தப் பள்ளத்தைத்தான் சிபாரிசு செய்வேன். நிலாவில் இரவுக்கும் பகலுக்கும் நடுவிலான கோடு, நடுக்கோட்டுப் பகுதியில் மணிக்குச் சுமார் 15 கி.மீ. நகர்கிறது. நீங்கள் சுவரை அழகாக இழைத்துக்கொண்டிருக்கும்போதே நிழல் சுருங்கிவிடும். அதனால் முதல் ஐந்து நிமிடத்தில் நிழல்களின் உருவத்தை மட்டும் கோடாகப் போட்டு, நேரத்தைக் குறித்து, பூட்டிவிட வேண்டும். பிறகு வானம் மாறினாலும் தாளில் மாற்றக்கூடாது. நெட்டில் இருக்கும் எந்தப் போட்டோவிலும் அந்த நிழல் அதே நீளத்தில் இருக்காது. மண்டைக்குள் உட்கார்ந்த போட்டோ இங்கே உதவிக்கு வர முடியாது.

வரைய ஆரம்பித்து நாற்பது நிமிடம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். நடுமலை ஒற்றை மேடு இல்லை, பிரிந்து நிற்கிறது, பிரிவுக்குள் ஒரு மெல்லிய இருட்டு. அதுவரை அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அங்கே பென்சில் வைக்க வேண்டிய முறை வந்ததால்தான் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கண்ணைக் கேட்கத் தோன்றியது.

8 பிப்ரவரி, பிற்பகல்

மேலே எழுதியதைப் படித்தால் வரைந்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்பது போல இருக்கிறது. அப்படிச் சொல்ல வரலாறு இடம் கொடுக்காது.

தொலைநோக்கி வழியே நிலாவை வரைந்து தேதி போட்டு வைத்தவர்களில் நமக்குத் தெரிந்து முதல் ஆள் கலிலியோ இல்லை, இங்கிலாந்தின் தாமஸ் ஹேரியட். நம் நாட்காட்டிப்படி 1609 ஆகஸ்ட் 5. கையில் இருந்தது ஆறு மடங்குக் கருவி. அவர் வரைந்தது ஒரு பிறை, கரடுமுரடான ஒரு எல்லைக்கோடு, உள்ளே சில கறைகள். பள்ளம் ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டின் கடைசியில் கலிலியோ இன்னும் நல்ல கருவியில் பார்த்துத் தூரிகையால் வரைந்தபோது மலையும் பள்ளமும் நிழலுமாக வந்தன. ஒளியும் நிழலும் தீட்டும் சித்திரப் பயிற்சி அவருக்கு இருந்தது. கறுப்பு வெள்ளைத் திட்டு என்றால் மேடு பள்ளம் என்று படித்துக்கொள்ளக் கை பழகியிருந்தது. 1610இல் அவர் புத்தகம் வந்த பிறகு ஹேரியட் வரைந்த நிலாவிலும் பள்ளங்கள் வந்துவிட்டன!

சேலத்துக்காரர் இதைப் பிடித்துக்கொள்வார்: "பாத்தீங்களா, அடுத்தவன் படத்தைப் பார்த்துத்தான் வரைஞ்சிருக்கான்." பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் பள்ளங்கள் நிஜமாக அங்கே இருக்கின்றனவே. தெரிந்துகொண்ட பிறகு பார்த்தது பொய்யாகிவிடுமா? அதே கலிலியோ இருட்டுக் கோட்டின் மேல் ஒரு பள்ளத்தை உள்ளதைவிட மிகப் பெரிதாகவும் போட்டிருக்கிறார். அந்த அளவில் நிலாவில் அங்கே எதுவும் கிடையாது. ஒரே ஆள், ஒரே தொகுப்புப் படங்கள்.

12 பிப்ரவரி

பௌர்ணமி. மங்கலான பொருள் எதுவும் ஆகாது. செவ்வாயை மட்டும் பார்த்தேன். ஜனவரி 16 அன்றுதான் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது, இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. வட துருவத்தின் வெள்ளைத் தொப்பி ஒரு பொட்டு, குறுக்கே ஒரு மங்கல் பட்டை. அதற்கு மேல் வரைந்தால் கதை எழுதுகிறேன் என்று அர்த்தம்.

கதை எழுதிய பெரியவர்கள் இருக்கிறார்கள். 1877இல் மிலானில் வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டார். அடுத்து அமெரிக்காவின் பெர்சிவல் லோவெல், 1894இல் அரிசோனாவில் இதற்கென்றே ஆய்வகம் கட்டி, கோடு கோடாக வாய்க்கால் வரைந்து, அதை வெட்டியவர்கள் யார் என்பது வரைக்கும் போய்விட்டார். இருவருமே நல்ல கண் உள்ளவர்கள், சோம்பேறிகள் இல்லை.

1903இல் கிரீனிச்சைச் சேர்ந்த மாண்டர் ஒரு சோதனை செய்தார். வட்டத் தட்டில் ஒழுங்கில்லாத புள்ளிகளையும் திட்டுகளையும் வரைந்து மாட்டி, பள்ளிக்கூடப் பையன்களை வெவ்வேறு தூரத்தில் உட்காரவைத்துப் பார்த்து வரையச் சொன்னார். தட்டில் வாய்க்கால் கிடையாது. கிட்ட இருந்தவர்கள் புள்ளிகளைப் போட்டார்கள். நடுத் தூரத்தில் இருந்த பையன்கள் பலர் நேர்கோடு போட்டார்கள். கண்ணுக்குப் பிரிபடும் எல்லையை ஒட்டி நிற்கும் புள்ளிகளை மூளை கோர்த்துவிடுகிறது. 1909இல் ஆண்டோனியாடி பாரிஸ் பக்கத்து மூடோனின் 83 செ.மீ. கருவியில் பார்த்தபோது கோடுகள் கலைந்து ஒழுங்கற்ற திட்டுகளாயின.

அந்தப் பையன்கள் யாரும் போட்டோ பார்த்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நண்பர் போட்டோவைக் குற்றம் சொல்கிறார். போட்டோ இல்லாமலே மூளை தன் வேலையைச் செய்துவிடும் என்கிறேன். அவருடைய சந்தேகத்தைவிட என்னுடையது பெரிசு.

17 பிப்ரவரி

வியாழன் பற்றிச் சுருக்கமாக. முழு வட்டம் போடாதீர்கள். அது ஒன்பது மணி ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுவதால் இடுப்பு பிதுங்கியிருக்கும். அகலம் 5 செ.மீ. என்றால் உயரம் 4.7. இதை வீட்டில் அளந்து போட்டு நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் 6 டிகிரி திரும்பிவிடும், அதற்குள் பட்டைகளும் புள்ளிகளும் இடத்தில் உட்கார வேண்டும். இழைப்பதெல்லாம் அப்புறம்.

இந்த மாதம் வியாழன் எங்கள் ஊரில் கிட்டத்தட்ட உச்சி வானத்தைத் தொட்டுப் போகிறது. காற்றின் தடிமன் குறைவு, பிம்பம் அசையாமல் நிற்கும், எல்லாம் சரி. ஆனால் டாப்ஸோனியனுக்கு உச்சிதான் எமன். குழாய் செங்குத்தாக நின்றுவிட்டால் எந்தப் பக்கம் தள்ளினாலும் வண்டி சுற்றுமே தவிர பொருள் ஐபீஸுக்குள் வராது. ஃபைண்டருக்கு (குறிபார்க்கும் குட்டித் தொலைநோக்கி) கண் வைக்கப் போனால் கழுத்து போகும். ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ வரையுங்கள். முக்காலி அவசியம். நின்றுகொண்டு வரைந்தால் இடுப்பு வலி பட்டைகளில் தெரியும்.

2 மார்ச்

வாதத்தால் தீராது என்று தெரிந்து, மாண்டர் வழியில் ஒன்று செய்து பார்த்தேன். நேற்று சனிக்கிழமை. தங்கச்சி மகன் வந்திருந்தான், எட்டாம் வகுப்பு. வானத்தில் அவனுக்கு நிலா, சூரியன், ராக்கெட் தெரியும். ஓரியன் நெபுலா படம் பார்த்ததில்லை என்று அவன் அம்மாவிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். 48 மடங்கில் வைத்து, "மாமா ஒண்ணும் சொல்ல மாட்டேன். தெரியறதைப் போடு. தெரியாததைப் போட்டா அடி" என்று பென்சிலைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டேன். அப்புறம் அவன் தாளைப் பார்க்காமல் நான் வரைந்தேன். வரைந்து முடித்துத்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்தோம்.

இரண்டிலும் இருந்தவை: நடுவில் நாலு புள்ளி. அவற்றை ஒட்டிப் புகைக்குள் குத்திக்கொண்டு வரும் ஒரு கறுப்பு வாய். அந்தப் பக்கம் புகையின் ஓரம் வெட்டினாற்போல, எதிர்ப்பக்கம் கரைந்து போவதாக. தனியே ஒரு விண்மீனைச் சுற்றிக் கொஞ்சம் மூட்டம் (பட்டியலில் எம் 43 என்று பெயர்). இதை அவன் போட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

என் தாளில் மட்டும் இருந்தது: இரண்டு சிறகும் நீண்டு வளைந்து ஒன்றையொன்று நோக்கித் திரும்புவது. அவன் தாளில் ஒரு சிறகுதான், அதுவும் குட்டை.

அவன் தாளில் மட்டும் இருந்தது: வட்டத்தின் ஓரத்தில் பெரிதாக ஒரு கொசு. "தெரிஞ்சுது மாமா, போட்டேன்."

3 மார்ச்

சேலம் உடனே எழுதிவிட்டது: "இரண்டாவது சிறகு போட்டோவில் இருந்து வந்தது. நான் சொன்னது நிரூபணம்."

அவ்வளவு சுலபமா? பையனுக்கு அது முதல் இரவு. எனக்கு இந்த நெபுலா வருஷக்கணக்கான பழக்கம். பழகிய கண் கூடுதலாகப் பார்க்கும் என்பதும் உண்மை, பழகிய மனம் கூடுதலாக நிரப்பும் என்பதும் உண்மை. ஹேரியட்டும் லோவெலும் ஒரே தாளில்! இதைப் பிரிக்க வழி வேண்டும்.

நேற்று இரவு இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, குழாயை விரலால் மெல்லத் தட்டுவது. பிம்பம் ஆடும்போது மங்கலான பொருள் சட்டென்று தட்டுப்படும். அசைவதைப் பிடிப்பதில் ஓரக்கண் கெட்டிக்காரன். பையன் போட்ட சிறகு தட்டத் தட்ட இன்னும் நீண்டது. மற்றது தட்டினால் வரவில்லை, அசையாமல் உற்றுப் பார்த்து "இருக்கணுமே" என்று நினைக்கும்போதுதான் வந்தது. இரண்டு, கருவியை நெபுலாவுக்கு அப்பால் வெறும் வானத்துக்கு நகர்த்தி, அங்கேயும் அதே நம்பிக்கையோடு உற்றுப் பார்ப்பது. வெறும் வானத்திலும் லேசாக ஏதோ வந்தது. தெருவிளக்கின் மூட்டம், அல்லது என் ஆசை.

ஆகவே இன்று முதல் என் தாளில் நிச்சயமானது முழுக்கோடு, சந்தேகமானது புள்ளிக்கோடு. இரண்டாவது சிறகு புள்ளிக்கோட்டில் போய் நிற்கிறது. அழித்துவிடவில்லை. இன்னும் இருட்டான ஊரில் அதே கருவி அதைக் காட்டலாம். அங்கே தட்டிப் பார்க்க வேண்டும்.

கொசுவுக்கு முழுக்கோடு.

10 மார்ச்

பரீட்சை நேரம், பையன் வரமாட்டான். அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அளவு பற்றி ஒருவர் கேட்டார்: ஐபீஸ் வட்டம் வானத்தில் எவ்வளவு? வானத்தின் நடுக்கோட்டில் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே ஓடும் கோடு) இருக்கும் விண்மீன் ஒன்றை ஓர் ஓரத்தில் நிறுத்தி, நடுவழியாக மறு ஓரத்தில் மறையும் வரை நேரம் பாருங்கள். ஓரியன் இடைவாரின் மின்டாகா இதற்கென்றே நடுக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. என் 25 மி.மீ. ஐபீஸில் நாலு நிமிடம் இருபது வினாடி, அதாவது ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. இந்த எண்ணைத் தாளின் மூலையில் எழுதிவிட்டால் படம் வரைபடமாகிவிடும்.

கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக் நன்றாக இருக்காதா என்று கேட்டவருக்கு: பார்க்க அழகு. இருட்டில் அழிக்கப் போனால் நரகம். நான் வெள்ளைத் தாளில் கறுப்பு விண்மீன் போட்டு, காலையில் கைபேசியில் நெகட்டிவ் ஆக்கிவிடுகிறேன். பென்சிலின் மூன்று நாலு அடர்த்திகளைச் சாக் தராது. வால்நட்சத்திரத்துக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். போன அக்டோபரில் ஒன்று வந்தபோது வடகிழக்குப் பருவமழை எந்தத் தாளுக்கும் வேலை வைக்கவில்லை.

சாக் என்றதும் ட்ரூவெலோ. பிரான்ஸிலிருந்து அமெரிக்கா போன ஓவியர். ஹார்வர்டின் 15 அங்குலக் கருவியிலும் வாஷிங்டன் கடற்படை ஆய்வகத்தின் 26 அங்குலக் கருவியிலும் பார்த்து வண்ணச் சாக்கால் வரைந்தார். 1880களின் தொடக்கத்தில் அச்சில் வந்த அந்தப் படங்களைப் போல இன்றுவரை ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. அளவு பிசகாமல் இருக்கக் கட்டம் போட்ட கண்ணாடியை ஐபீஸுக்குள் வைத்துக்கொள்வார். ஆனால் அமெரிக்காவில் அவர் பெயரை நிலாவுக்காக நினைப்பவர்களைவிட ஒரு அந்துப்பூச்சிக்காகச் சபிப்பவர்கள் அதிகம். பட்டுக்காக என்று ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்ததில் சில தப்பித்து, பின்னாளில் மாசசூசெட்ஸ் காடுகளை மொட்டையடித்தன. பூச்சி தப்பித்த பிறகுதான் மனிதர் வானத்தின் பக்கம் திரும்பினார். பூச்சி இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

24 மார்ச்

நேற்று சனியின் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டிய நாள். சூரியனுக்குப் பக்கத்தில் போய் நடந்ததால் யாருக்கும் பயன் இல்லை. வளையமில்லாத சனியை வரைய ஆசைப்பட்டவர்கள் கோடு போன்ற மெல்லிய வளையத்தோடு இந்த ஆண்டின் பிற்பகுதியில் வரையலாம்.

பகலில் சூரியனை வரைகிறேன். கண் வைப்பதில்லை. சின்ன லென்ஸ் கருவியின் பின்னால் அட்டையைப் பிடித்து, விழும் பிம்பத்தின் மேலேயே தாளை வைத்துப் புள்ளிகளைச் சுற்றிக் கோடிடுவது. ஃபைண்டரை மூடிவிடுங்கள், பக்கத்தில் குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். கரும்புள்ளிகளுக்கு இது நல்ல காலம்.

இதில் நண்பருக்கு ஒரு செய்தி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைத் தாளில் கையால் வரைந்து வைத்திருக்கிறார்கள். புள்ளி, பிரகாசத் திட்டு, இழை எல்லாம் வேறு வேறு நிறத்தில். அங்கே போட்டோத் தகடுகளும் அதே காலம் தொட்டு இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தே நடந்தது. தகடு எல்லாவற்றையும் பதியும், எது இழை, எது கீறல் என்று அது சொல்லாது. வரைந்தவர் பிரித்து நிறம் கொடுத்திருக்கிறார். இப்போது அந்தத் தாள்களிலிருந்து கணினி வழியே தகவலைப் பிரித்தெடுக்கிறார்கள்.

"அது விஞ்ஞானிகள், நீங்கள் மொட்டை மாடி" என்று பதில் வரும். வரட்டும்.

28 ஏப்ரல்

சனி இரவு ஜவ்வாது மலை. அமாவாசைக்கு முந்திய இரவு. காவலூர் ஆய்வகம் இருக்கும் மலைதான். 1986இல் திறந்த 2.34 மீட்டர் கருவி அங்கே இருக்கிறது. நாங்கள் இருந்தது வேறு ஒரு மேட்டில், தெரிந்தவர் தோட்டத்தில்.

வடக்கே இருப்பவர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படும் வானம் இது. எட்டே முக்கால் வாக்கில் கரீனா நெபுலா தெற்கே 18 டிகிரி உயரத்தில். வரைய முயன்றேன், பாதியில் விட்டேன். விண்மீன் கூட்டத்துக்குள் புகை, புகைக்குள் இருட்டு. எங்கே ஆரம்பிப்பது? ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை நன்னம்பிக்கை முனையில் இருந்தபோது இதை வரைந்தார். முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்து எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு, முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணமாகப் புகையை நிரப்பியிருக்கிறார். பல மாத வேலை. அதற்கிடையில், 1837 டிசம்பரில் நடு விண்மீனே திடீரென்று பிரகாசமாகிப் போனது.

பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒமேகா செண்டாரி என்னும் விண்மீன் கொத்து உச்சத்தில், 30 டிகிரி. கறுப்புத் துணியில் ரவை கொட்டிய மாதிரி. இதை எண்ணி வரைய முடியாது. முன்னால் தனித்துத் தெரியும் சிலவற்றை மட்டும் இடத்தில் வைத்தேன், பின்னணியை இழைத்தேன், மேலே கண் போனபடி புள்ளி தூவினேன். தூவிய புள்ளிகள் உண்மையான இடத்தில் இல்லை என்று தாளின் ஓரத்தில் எழுதிவிட்டேன். இது பித்தலாட்டமா என்று கேட்டால், எழுதாமல் விட்டிருந்தால் ஆம்.

நடுராத்திரிக்குமேல் எம் 51, தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்று. ஹெர்ஷல் 1833இல் வெளியிட்ட படத்தில் அது ஒரு பக்கம் பிளந்த வளையம். 1845இல் அயர்லாந்தின் ராஸ் பிரபு 72 அங்குலக் கருவியில் பார்த்துச் சுருள் போட்டார். அதற்கு முன் எந்த மூட்டத்திலும் யாரும் சுருள் கண்டதில்லை. மனம் ஏற்கெனவே அறியாததைக் கை வரைந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது, சேலத்தாரே. உங்கள் கட்சியில் இதற்கு இடம் எங்கே?

என் 6 அங்குலத்தில் இரண்டு மங்கல் பொட்டுகள், ஒன்று பெரிது. பெரியதைச் சுற்றி லேசான மூட்டம். தட்டினேன், ஓரமாகப் பார்த்தேன். சுருள் தெரியவில்லை. போடவில்லை. கூட வந்தவர் தாளில் அழகான சுருள் இருந்தது. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, காலையில் காபி அவர்தான் போட வேண்டும்.

6 மே

பள்ளி ஆசிரியை ஒருவர் மாண்டர் சோதனையை வகுப்பில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. என் யோசனை: வெள்ளை அட்டையில் ஒரு வட்டம், உள்ளே பேனாவால் ஒழுங்கில்லாமல் புள்ளிகளும் இரண்டு மூன்று மங்கல் திட்டுகளும். கரும்பலகையில் மாட்டி, முதல் பெஞ்சு முதல் கடைசி பெஞ்சு வரை வரையச் சொல்லுங்கள். செவ்வாய் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு பிரிவுக்கு ஒன்றும் சொல்லாமலும், மற்றொரு பிரிவுக்கு "இதில் கோடுகள் உண்டு" என்று சொல்லியும் செய்தால் இன்னும் சுவாரசியம். அந்தப் பாகத்தை மாண்டர் செய்தாரா என்று தேட வேண்டாம், அது என் சேர்க்கை. கண்ணாடி போடும் பிள்ளைகளைக் கண்ணாடியோடே உட்காரவையுங்கள். தாள்களின் பின்பக்கம் பெஞ்சு எண்ணை எழுதச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். பள்ளி திறந்ததும் செய்து, தாள்களைப் படம்பிடித்து இங்கே போட்டால் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம். முதல் பெஞ்சில் யாராவது கோடு போட்டிருந்தால் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வையுங்கள், எனக்கு அது வேண்டும்.